ஒரு தேதிக்கு ஒரு பக்கம்: ‘இந்த நாளில்’ பகுதியைத் தயாரிப்பது எப்படி

‘இந்த நாளில்’ என்று தலைப்புப் போட்டு, நாலு பிறந்த நாள், மூன்று நினைவு நாள், ஒரு போர், ஒரு கண்டுபிடிப்பு என்று அடுக்கி வைத்தால் அது வெறும் பட்டியல். படிக்கிறவர் மேலிருந்து கீழே ஒரு பார்வை ஓட்டிவிட்டுப் போய்விடுவார். மாலையில் கேட்டால் ஒன்றுகூட நினைவில் இருக்காது. நான் வேலை பார்க்கும் நூலகத்தின் வாசல் பலகைக்குப் பல வருடங்களாக இந்தப் பகுதியை எழுதி வருகிறேன். உள்ளே வருகிறவர்கள் எந்தக் குறிப்பின் முன்னால் நிற்கிறார்கள் என்று கவனிப்பது என் வழக்கம். அந்தத் தேதியில் நடந்ததால்தான் இப்படி ஆனது என்று தெரிகிற சம்பவம் என்றால் நிற்கிறார்கள். வேறு எந்த நாளில் நடந்திருந்தாலும் கதை மாறாது என்றால் நகர்ந்துவிடுகிறார்கள்.

ஆக, தேதிக்கும் சம்பவத்துக்கும் உள்ள ஒட்டுதலைத் தேடுவதுதான் வேலையே. அதை எப்படிச் செய்வது என்று காட்ட ஒரு தேதி வேண்டும். பிப்ரவரி 29-ஐ எடுத்துக்கொள்கிறேன். மற்ற எந்தத் தேதிக்கும் இதே முறைதான், ஆனால் வரக்கூடிய சிக்கல்கள் எல்லாம் இந்த ஒரு தேதியில் மொத்தமாகக் கிடைக்கின்றன.

முதலில் தேதியைப் படியுங்கள்

சம்பவங்களைத் தேடுவதற்கு முன்னால் அந்தத் தேதியே என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். பகலும் இரவும் சமமாகும் நாளா, ஆண்டின் கடைசி நாளா, ஏதாவது ஒரு நாட்டில் வரவு செலவுக் கணக்கு தொடங்கும் நாளா என்று பாருங்கள். பல தேதிகளுக்கு இதில் சொல்ல ஒன்றும் இருக்காது. பிப்ரவரி 29-க்கு நிறையவே இருக்கிறது.

பூமி சூரியனைச் சுற்றிப் பருவங்கள் மறுபடி அதே இடத்துக்கு வர 365.2422 நாள் ஆகிறது. ஜூலியஸ் சீசர் கி.மு. 45-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நாட்காட்டி அதை 365.25 என்று எடுத்துக்கொண்டு, நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் கூட்டியது. வித்தியாசம் ஆண்டுக்குச் சுமார் 11 நிமிடம்தான். ஆனால் 128 ஆண்டு சேர்ந்தால் அது ஒரு முழு நாள். 16-ஆம் நூற்றாண்டில் வசந்த காலத்துச் சம இரவு நாள் மார்ச் 21-லிருந்து மார்ச் 11-க்கு நழுவிவிட்டது. அதைச் சரிசெய்யத்தான் போப் 13-ஆம் கிரிகோரி 1582-இல் புது விதி கொண்டுவந்தார். நூறால் வகுபடும் ஆண்டுகளில், நானூறாலும் வகுபடுவதற்கு மட்டுமே கூடுதல் நாள் உண்டு. அதனால் 1900-க்கு பிப்ரவரி 29 கிடையாது, 2000-க்கு உண்டு, 2100-க்குக் கிடையாது. 400 ஆண்டுகளில் மொத்தம் 97 முறைதான் இந்தத் தேதி வருகிறது.

இந்தப் பத்தியை அப்படியே பலகையில் எழுதச் சொல்லவில்லை. இது எழுதுகிறவர் கையில் இருக்க வேண்டிய அறிவு. 1900, 2000, 2100 என்ற மூன்று எண்ணும் மனதில் இருந்தால், பின்னால் வரும் தப்பான தகவல்களில் பாதி தானாகவே சிக்கும்.

குறிப்பெடுக்கும் முறை

கலைக்களஞ்சியங்களில் தேதிவாரிப் பக்கங்கள் இருக்கும். வாழ்க்கை வரலாற்று அகராதிகள், பழைய செய்தித்தாள் தொகுப்புகள், ஐக்கிய நாடுகள் சபையின் சர்வதேச நாட்கள் பட்டியல் எல்லாம் தொடங்குவதற்குப் போதும். ஆனால் தேதிவாரிப் பக்கத்தில் இருப்பதை நேராகப் பலகைக்கு எடுத்துப் போகக் கூடாது. அந்தப் பக்கம் ‘இங்கே தேடு’ என்று வழிகாட்டும். அந்தச் சம்பவத்தைப் பற்றி எழுதப்பட்ட முழுக் கட்டுரைக்கோ புத்தகத்துக்கோ போய், அங்கே தேதி என்ன என்று பார்த்தால்தான் குறிப்பு முடிகிறது. இரண்டு இடத்தில் இரண்டு தேதி இருந்தால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். ஏனென்றால் அந்த வேறுபாட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கதை இருக்கும்.

ஒரு சம்பவத்துக்கு ஒரு அட்டை வைத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது, எந்த ஊரில், அந்த ஊரில் அப்போது எந்த நாட்காட்டி, அங்கே என்ன மணி, இதைச் சொல்வது யார் என்று ஐந்தையும் அதில் எழுத வேண்டும். கடைசி மூன்றைப் பெரும்பாலானவர்கள் எழுதுவதே இல்லை. அங்கேதான் தப்பு நுழைகிறது.

எந்த நாட்காட்டி?

பழைய சம்பவம் என்றால் முதல் கேள்வி இதுதான். 1582-இல் இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகிய நாடுகளில் அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் அக்டோபர் 15. இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை. அங்கே செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. ரஷ்யா 1918-இல்தான் மாறியது. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சியை நவம்பர் 7-இல் கொண்டாடுவது அதனால்தான். ஷேக்ஸ்பியர் இறந்தது 1616 ஏப்ரல் 23 என்கிறார்கள். ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டிஸுக்கும் அதே தேதியைச் சொல்வதுண்டு. ஆனால் ஸ்பெயின் புது நாட்காட்டியில் இருந்தது, இங்கிலாந்து பழையதில். இருவருக்கும் 23 என்றே வைத்துக்கொண்டாலும் ஷேக்ஸ்பியர் பத்து நாள் கழித்து இறந்தார். போதாக்குறைக்கு செர்வாண்டிஸ் காலமானது 22-ஆம் தேதி, அடக்கம் நடந்ததுதான் 23. இரண்டு பெரிய எழுத்தாளர்கள் ஒரே நாளில் மறைந்தார்கள் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கும். ‘ஒரே தேதி என்பார்கள், மறைந்தது வேறு வேறு நாளில்’ என்று எழுதிப் பாருங்கள், அது இன்னும் நன்றாக இருக்கிறது, உண்மையாகவும் இருக்கிறது.

பிப்ரவரி 29-க்கு வருவோம். 1692-இல் அமெரிக்காவின் சேலம் கிராமத்தில் சூனியக்காரிகள் என்று சொல்லிப் பெண்களைப் பிடித்தார்களே, அதில் முதல் கைது வாரண்டுகள் இந்தத் தேதியில்தான் போடப்பட்டன. சாரா குட், சாரா ஆஸ்பர்ன், டிட்டூபா என்ற மூன்று பெண்கள். அடுத்த சில மாதங்களில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த வாரண்டில் ஆண்டு ‘1691/92’ என்று இருக்கும். அன்றைய ஆங்கிலேயர்களுக்குப் புத்தாண்டு மார்ச் 25, அதனால் பிப்ரவரி இன்னும் பழைய ஆண்டிலேயே இருந்தது. 1691-க்கு ஏது பிப்ரவரி 29 என்று யாராவது கேட்டால், அந்தச் சாய்கோட்டைக் காட்டலாம்.

1900-இல் பிப்ரவரி 29 கிடையாது என்று மேலே சொன்னேன். ஆனால் சீசரின் பழைய நாட்காட்டியை (ஜூலியன் நாட்காட்டி) வைத்திருந்தவர்களுக்கு அது இருந்தது. கிரேக்கக் கவிஞர் ஜார்ஜ் செஃபெரிஸ், 1963-இல் இலக்கிய நோபல் பெற்றவர், பழைய நாட்காட்டிப்படி 1900 பிப்ரவரி 29-இல் பிறந்தவர். புதிய கணக்கில் அது மார்ச் 13. அவர் பிறந்த தேதி உலகின் பெரும்பகுதியில் நடக்கவே இல்லை. நான் இவரை பிப்ரவரி 29 பக்கத்தில் கட்டாயம் வைப்பேன், பக்கத்திலேயே மார்ச் 13 என்றும் எழுதுவேன்.

ஸ்வீடனின் கதை இன்னும் ஒரு படி மேலே. புது நாட்காட்டிக்கு மெதுவாக மாறலாம் என்று முடிவு செய்து 1700-இல் கூடுதல் நாளை விட்டுவிட்டார்கள். அடுத்து 1704-இலும் 1708-இலும் விட வேண்டியதை விடவில்லை. இப்போது அவர்களுடைய தேதி பழையதோடும் பொருந்தவில்லை, புதியதோடும் பொருந்தவில்லை. பழையதற்கே திரும்பிவிடலாம் என்று 1712-இல் பிப்ரவரிக்கு இரண்டு நாள் கூட்டினார்கள். அந்த ஆண்டு ஸ்வீடனில் பிப்ரவரி 30 வந்தது.

கிழமை கணக்கிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எக்செல் மென்பொருள் 1900-ஐ லீப் ஆண்டு என்றே எடுத்துக்கொள்கிறது. அதற்கு முந்தைய லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் இருந்த கணக்கோடு ஒத்துப்போக வேண்டும் என்று தெரிந்தே அப்படி வைத்தார்கள். அதனால் 1900 ஜனவரி, பிப்ரவரித் தேதிகளுக்கு அது காட்டும் கிழமை ஒரு நாள் தள்ளியிருக்கும். அதற்கு முந்தைய தேதிகளை அது ஏற்பதே இல்லை. பழைய தேதிகளுக்கு வேறு கருவியைப் பயன்படுத்துங்கள்.

எந்த ஊர்க் கடிகாரம்?

நிலவில் மனிதன் இறங்கிய நாள் எது? 1969 ஜூலை 20 என்று எல்லோரும் சொல்வோம். ஈகிள் கலம் நிலவைத் தொட்டது உலகப் பொது நேரப்படி ஜூலை 20, இரவு 8:17. ஆம்ஸ்ட்ராங் தரையில் கால் வைத்தது அதே கணக்கில் ஜூலை 21, அதிகாலை 2:56. அமெரிக்கக் கடிகாரத்தில் இரண்டும் 20-ஆம் தேதி. இந்தியக் கடிகாரத்தில் இரண்டுமே 21. எதை எழுதினாலும் தப்பில்லை, ஆனால் எந்தக் கடிகாரம் என்று ஒரு சொல் சேர்க்காவிட்டால் தப்பு.

கொலம்பஸின் கிரகணக் கதையில் நாட்காட்டி, கடிகாரம் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. 1503-இல் கப்பல்கள் பழுதாகி ஜமைக்காவில் மாட்டிக்கொண்டார் கொலம்பஸ். தொடக்கத்தில் உணவு கொடுத்து வந்த தீவு மக்கள் மாதக்கணக்கில் கொடுத்துச் சலித்து நிறுத்திவிட்டார்கள். அவரிடம் ரெஜியோமாண்டனஸ் என்ற வானியலாளர் தயாரித்த பஞ்சாங்கம் இருந்தது. அதில் ஒரு முழுச் சந்திர கிரகணம் குறித்திருந்தது. 1504 பிப்ரவரி 29 மாலை தலைவர்களை அழைத்து, கடவுள் உங்கள்மேல் கோபமாக இருக்கிறார், நிலவைப் பாருங்கள் என்றார். நிலவு சிவந்தது, மக்கள் பயந்தார்கள், உணவு திரும்ப வந்தது. ஜமைக்காவில் அது பிப்ரவரி 29 மாலை. அதே கிரகணத்தை ஐரோப்பாவில் பார்த்தவர்களுக்கு நள்ளிரவு தாண்டி மார்ச் 1 பிறந்துவிட்டது. இன்றைய நாட்காட்டிக்கு மாற்றினால் ஜமைக்காவின் அந்த மாலை மார்ச் 10.

இந்தக் கதையைக் கொலம்பஸின் சாமர்த்தியம் என்று எழுதுவதுதான் வழக்கம். நான் அப்படி எழுதுவதில்லை. நமக்குக் கிடைப்பது அவர் பக்கத்து ஆட்கள் எழுதி வைத்தது மட்டும்தான். தீவு மக்களுடைய பக்கத்தை யாரும் எழுதவில்லை. வேண்டாத விருந்தாளிகளுக்கு மாதக்கணக்கில் சோறு போட்டவர்களை மிரட்டிய கதை அது. பலகையில் மூன்று வரிதான் இடம் என்றாலும் அதில் ஒரு வரி இதற்குப் போக வேண்டும்.

யார் அறிவித்த நாள்?

விசித்திரமான சிறப்பு நாட்கள்தான் மக்களுக்கு மிகவும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் ‘இன்று உலக இன்னது தினம்’ என்று எழுதுவதற்கு முன், யார் சொன்னார்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

ஐ.நா. பொதுச் சபை தீர்மானம் போட்டு அறிவித்த நாள் என்றால் தீர்மானத்தைத் தேடி எடுக்கலாம், ஐயமே இல்லை. சில நாட்களை ஒரு தனி அமைப்போ தனி மனிதரோ தொடங்கி வைப்பார், பிறகு உலகம் ஏற்றுக்கொள்ளும். சிங்கப்பூரைச் சேர்ந்த ஜாக் சிம் 2001 நவம்பர் 19-இல் உலகக் கழிப்பறை அமைப்பைத் தொடங்கினார். அந்த நாளையே உலகக் கழிப்பறை தினம் என்றார். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். 2013-இல் ஐ.நா. பொதுச் சபை அதை அதிகாரப்பூர்வமாக ஏற்றுக்கொண்டது. சிரிக்க வைக்கிற பெயரை வைத்துத்தான் யாரும் பேசத் தயங்கிய விஷயத்தைப் பேச வைத்தார். இப்படிப்பட்ட நாள் கிடைத்தால் தொடங்கிய ஆண்டு, ஏற்ற ஆண்டு இரண்டையும் எழுதுங்கள். அந்த இடைவெளியில்தான் கதை இருக்கிறது.

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் 3.14... என்ற எண்ணின் பெயர் பை (π). அதற்கான பை தினமும் இதே வகை. சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரடோரியம் அறிவியல் கூடத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர் லாரி ஷா 1988 மார்ச் 14-இல் தொடங்கினார். 2019-இல் யுனெஸ்கோ அந்தத் தேதியைச் சர்வதேசக் கணித தினம் ஆக்கியது. மாதத்தை முதலில் எழுதினால்தான் 3/14 வரும். நாளை முதலில் எழுதுகிறவர்களுக்கு அது 14/3, பையே தெரியாது. அவர்களுக்கு ஜூலை 22 இருக்கிறது, 22/7. இந்த ஒரு விஷயத்தைச் சொன்னால் போதும், படிக்கிறவர் கையில் விரலால் எழுதிப் பார்ப்பார்.

மூன்றாவது வகை, நண்பர்கள் கூடி உருவாக்கிய நாட்கள். செப்டம்பர் 19-இல் கடற்கொள்ளையர் போலப் பேசும் நாள் ஒன்று உண்டு. ஜான் பவுர், மார்க் சம்மர்ஸ் என்ற இரண்டு அமெரிக்க நண்பர்கள் 1995-இல் தொடங்கியது. 2002-இல் நகைச்சுவைப் பத்தி எழுத்தாளர் டேவ் பேரி அதைப் பற்றி எழுதியதும் எங்கும் பரவியது. இதை எழுதலாம், தாராளமாக. ஆனால் ‘உலக’ என்ற சொல்லைப் பெயருக்கு முன்னால் ஒட்டி வைக்காமல், யார் எப்போது தொடங்கினார்கள் என்று எழுத வேண்டும். தொடங்கியவர் யார் என்றே கண்டுபிடிக்க முடியாத சிறப்பு நாட்களை நான் பலகையில் ஏற்றுவதில்லை. அவற்றில் பல, ஏதோ ஒரு பொருளை விற்க யாரோ போட்ட பெயர்கள்.

பிப்ரவரி 29-க்கு நல்ல அனுசரிப்பு ஒன்று இருக்கிறது. அரிய நோய் நாள். அரிய நோய்களுக்கான ஐரோப்பிய நோயாளர் அமைப்புகளின் கூட்டமைப்பான யூரோர்டிஸ் 2008-இல் தொடங்கியது. அரிதாக வரும் நோய்களுக்கு அரிதாக வரும் தேதி. மற்ற ஆண்டுகளில் பிப்ரவரி 28-இல் நடத்துகிறார்கள். தேதியும் காரணமும் இவ்வளவு பொருந்தி வரும் அனுசரிப்பு அபூர்வம். எந்தத் தேதியை எடுத்தாலும் இப்படி ஒன்று இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், கிடைத்தால் அதுதான் பலகையின் நடுவில்.

இன்னொன்று ஒரு செய்தித்தாள். பிரான்சில் ‘லா புஷி டு சாப்பர்’ என்ற பத்திரிகை 1980-லிருந்து பிப்ரவரி 29-இல் மட்டும் வெளியாகிறது. 2024-இல் வந்தது பன்னிரண்டாவது இதழ். அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் ஞாயிறு இணைப்பும் உண்டு. 2004-இல் வந்தது. அடுத்த முறை 2032-இல்தான்.

நம்பக் கூடாத ஒன்றைச் சரிபார்ப்பது

இந்தத் தேதியில் பெண்கள் ஆண்களிடம் திருமணம் கேட்கலாம் என்ற வழக்கம் அயர்லாந்து, பிரிட்டன் பக்கம் பேசப்படுகிறது. அதை வழக்கம் என்று எழுதலாம். ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு ‘வரலாறு’ வரும். ஸ்காட்லாந்தின் அரசி மார்கரெட் 1288-இல் ஒரு சட்டம் போட்டாராம், பெண் கேட்டு ஆண் மறுத்தால் அபராதம் கட்ட வேண்டுமாம். படிக்க நன்றாக இருக்கிறது. எத்தனையோ இடங்களில் அச்சாகியிருக்கிறது.

அட்டையை எடுத்து, அந்த மனிதருக்கு அந்தத் தேதியில் என்ன வயது, எங்கே இருந்தார் என்ற இரண்டே கேள்வியைக் கேளுங்கள். மார்கரெட் பிறந்தது 1283. சட்டம் போட்டதாகச் சொல்லும் ஆண்டில் அவர் ஐந்து வயதுக் குழந்தை. வாழ்ந்தது நார்வேயில். 1290-இல் ஸ்காட்லாந்துக்கு வரும் வழியில் ஆர்க்னி தீவில் இறந்துவிட்டார். அப்படி ஒரு சட்டம் இருந்ததற்கான ஏடும் கிடைக்கவில்லை. வயதும் இடமும் என்ற இந்தச் சோதனை எளிதானது, எந்தத் தேதியின் சுவையான கதைக்கும் செல்லும். பல கதைகள் இதிலேயே உதிர்ந்துவிடும்.

உதிர்ந்த கதையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ‘இப்படி ஒரு சட்டம் இருந்ததாகச் சொல்வார்கள், அரசிக்கு அப்போது வயது ஐந்து’ என்று எழுதுங்கள். சட்டத்தை உண்மை என்று எழுதியிருந்தால் கிடைப்பதைவிட இந்த வரிக்கு அதிகம் பேர் நிற்பார்கள்.

பிறந்தவர்கள்

பிறந்த நாள் பட்டியலை நான் குறைவாகவே பயன்படுத்துவேன். எந்தத் தேதியிலும் ஏகப்பட்ட பேர் பிறந்திருக்கிறார்கள், தேதிக்கும் அவர்களுக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை. பிப்ரவரி 29 இதில் விதிவிலக்கு, ஏனென்றால் பிறந்த நாளே இங்கே கதை.

இந்தியப் பிரதமராக இருந்த மொரார்ஜி தேசாய் 1896 பிப்ரவரி 29-இல் பிறந்தார். நான்கு ஆண்டு கழித்து முதல் பிறந்த நாள் வந்திருக்க வேண்டும். ஆனால் 1900-க்கு அந்தத் தேதி கிடையாதே! எட்டு வயது முடியும்போது, 1904-இல்தான் அவருக்கு முதல் பிறந்த நாள் வந்தது. அதே 1904 பிப்ரவரி 29-இல்தான் ருக்மிணி தேவி அருண்டேல் பிறந்தார், பின்னாளில் கலாக்ஷேத்திராவை நிறுவியவர். மொரார்ஜி 1977 மார்ச்சில் 81 வயதில் பிரதமரானபோது அவர் கண்ட உண்மையான பிறந்த நாட்கள் 19தான். 1995-இல் அவர் மறையும்வரை எண்ணினால் 23. இந்தக் கணக்கைப் பலகையில் விடை சொல்லாமல் கேள்வியாகப் போட்டால், நின்று விரல் விட்டு எண்ணுவார்கள். 1900-ஐ மறந்தவர்கள் 24 என்பார்கள். விடையைப் பலகையின் கீழ்மூலையில் சிறிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

இசையமைப்பாளர் ரொஸ்ஸினி 1792-இல் இதே தேதியில் பிறந்தவர். அவரை ஒரு வரியோடு விட்டுவிடலாம். ஹெர்மன் ஹோலரித்தை விட முடியாது. 1860 பிப்ரவரி 29-இல் பிறந்தவர். துளையிட்ட அட்டைகளைப் படித்து எண்ணும் இயந்திரத்தைக் கண்டுபிடித்து 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பைச் செய்து காட்டியவர். அவர் தொடங்கிய நிறுவனம் பின்னால் இணைந்து வளர்ந்துதான் ஐ.பி.எம். ஆனது. இவரை ஏன் பிடித்து வைக்கிறேன் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

தலைமைச் சம்பவத்தைத் தேர்ந்தெடுத்து எழுதுவது

இப்போது அட்டைகள் எல்லாவற்றையும் மேஜையில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் தேதியை மறைத்துவிட்டுப் படியுங்கள். கதை அப்படியே நின்றால் அது துணைச் செய்தி. தேதியை மறைத்ததும் கதையே விழுந்துவிட்டால் அதுதான் தலைமைச் செய்தி.

பிப்ரவரி 29-க்கு என் தேர்வு 2012-இல் மைக்ரோசாஃப்ட்டின் அசூர் கணினிச் சேவை முடங்கியது. தேதிவாரிப் பக்கங்களில் ஒரு வரியாகக்கூட இது பல சமயம் இருப்பதில்லை. இருந்தாலும் ‘2012: அசூர் சேவை முடக்கம்’ என்று இருக்கும், அதைப் படித்து யாருக்கும் ஒன்றும் புரியாது. நான் எழுதியது இது:

“அந்தக் கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஓர் ஆண்டுக்குச் செல்லும் சான்றிதழ் ஒன்றைத் தாங்களே உருவாக்கிக்கொள்ளும். முடிவுத் தேதி கண்டுபிடிக்க, ஆண்டோடு ஒன்றைக் கூட்டும், அவ்வளவுதான். உலகப் பொது நேரப்படி 2012 பிப்ரவரி 29 பிறந்தது. அப்போது உருவான சான்றிதழ்களுக்கு முடிவுத் தேதி 2013 பிப்ரவரி 29 என்று வந்தது. அப்படி ஒரு நாளே இல்லை. சான்றிதழ் உருவாகவில்லை. சில முறை முயன்று தோற்றதும், இயந்திரமே பழுது என்று முடிவு செய்து மேலே புகார் அனுப்பியது. மேலே இருந்த அமைப்பு, அதில் நடந்த வேலைகளை வேறு இயந்திரத்துக்கு மாற்றியது. அங்கும் அதே கணக்கு, அதே தோல்வி. கோளாறு தொடங்கியபோது அந்த நிறுவனத்தின் தலைமையகக் கடிகாரத்தில் இன்னும் பிப்ரவரி 28 மாலை நான்கு மணி.”

இதை எழுத நான் கடைப்பிடித்த விதிகள் சாதாரணமானவை. கலைச்சொல்லைத் தவிர்த்து, செய்யும் வேலையைச் சொன்னேன். ‘அவ்வளவுதான்’ என்ற சொல்லுக்குப் பிறகு தவறு எங்கே இருக்கிறது என்று படிப்பவரே ஊகிக்க இடம் விட்டேன். ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல். கடைசியில் கடிகாரம். பக்கத்திலேயே ஹோலரித்தின் பிறந்த நாளை வைத்தால் பலகையே ஒன்றாகப் பேசுகிறது. எண்களைக் கையாளும் இயந்திரத்துக்கு வழி போட்டவர் பிறந்த தேதி, அத்தகைய இயந்திரங்களைத் தடுமாற வைத்த தேதியும்கூட. இந்த ஒற்றுமையைச் சொற்களில் விளக்க வேண்டாம். இரண்டையும் அருகருகே வைத்தால் போதும்.

தேதிக்குச் சம்பந்தமே இல்லாவிட்டாலும் நான் விடாத சம்பவம் ஒன்று உண்டு. 1940 பிப்ரவரி 29 இரவு லாஸ் ஏஞ்சலஸில் ஹேட்டி மக்டேனியல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் பெற்றார். ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பின மனிதர் அவர்தான். விழா நடந்த ஓட்டலில் கறுப்பினத்தவருக்கு அனுமதி இல்லை. தனி ஏற்பாட்டில் அவரை உள்ளே விட்டு, சுவரோரம் ஒரு சிறு மேஜையில் உட்கார வைத்தார்கள். அதே நாளில் அதே கலிபோர்னியாவில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில், அணுத் துகள்களை வேகப்படுத்தும் சைக்ளோட்ரான் இயந்திரத்தை உருவாக்கிய எர்னஸ்ட் லாரன்ஸுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. போர் நடந்ததால் ஸ்டாக்ஹோமுக்குப் போக முடியாமல் பரிசே அவரைத் தேடி வந்தது. இரண்டையும் சேர்த்து ஒரே குறிப்பாக எழுதுவேன். ஒரு தேதியை வைத்துத் தேடியதால் மட்டுமே இந்த இரண்டும் அருகருகே வருகின்றன. வேறு எந்த வரிசையிலும் இவை சந்திக்காது.

துயரச் செய்திகள்

1960 பிப்ரவரி 29 இரவு 11:40-க்கு மொராக்கோவின் அகாதிர் நகரை நிலநடுக்கம் தாக்கியது. அளவில் 6-ஐத் தொடாத நடுக்கம்தான், ஆனால் நகருக்கு நேர் கீழே, அதிக ஆழமில்லாத இடத்தில். 12,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இன்னும் இருபது நிமிடம் தள்ளியிருந்தால் தேதி மார்ச் 1. அங்கே உறவினரை இழந்தவர்களுக்கு நினைவு நாள் தேதிப்படி நான்கு ஆண்டுக்கு ஒரு முறைதான் வருகிறது.

இப்படிப்பட்டதை விளையாட்டான செய்திகளுக்கு நடுவே செருகக் கூடாது. தனியாக, பலகையின் மேலே, சுற்றிலும் இடம் விட்டு எழுதுங்கள். ஆச்சரியக்குறி போடாதீர்கள். அதே பலகையில் திருமணச் சட்டக் கதையும் இருந்தால் இரண்டில் ஒன்றை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் திருமணக் கதையைத்தான் எடுத்து வைப்பேன்.

அளவும் நேரமும்

ஒரு பலகைக்கு ஐந்து செய்திக்கு மேல் வேண்டாம். தலைமைச் செய்திக்குப் பாதி இடம். ஒரு அனுசரிப்பு, ஒரு பிறந்த நாள், ஒரு பழைய சம்பவம், மீதியிருந்தால் ஒரு கேள்வி. எழுதி முடித்ததும் சத்தமாக ஒரு முறை படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். அப்புறம் தேதிகளை மட்டும் இன்னொருவரைக் கொண்டு சரிபார்க்கச் சொல்லுங்கள், அவர் கையில் உங்கள் அட்டை இருக்கக் கூடாது. அட்டையைப் பார்த்தால் அதில் உள்ள தப்பையே அவரும் சரி என்பார்.

பயன்படுத்தாத அட்டைகளைத் தேதி வாரியாக ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். பிப்ரவரி 29-க்கு அடுத்த முறை 2028-இல், செவ்வாய்க்கிழமை. இடையில் வரும் சாதாரண ஆண்டுகளில் அந்த அட்டைகளை 28-க்கோ மார்ச் 1-க்கோ நகர்த்தலாமா என்று கேட்பார்கள். அரிய நோய் நாளை 28-இல் போடலாம், நடத்துகிறவர்களே அப்படித்தான் செய்கிறார்கள். செஃபெரிஸை மார்ச் 13-இல் போடலாம், அது அவருடைய தேதியேதான். மற்றவை பெட்டியிலேயே இருக்கட்டும்.